டயர் தாங்கும் சுமையும் காற்றழுத்தமும்: சங்கங்கள் அறிய வேண்டிய கணக்கு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பெரியோர் வாக்கு. தேரும் மாட்டு வண்டியும் போய், லாரியும் டிராக்டரும் சங்கங்களின் உடைமையாகிவிட்ட பிறகு, அச்சாணியின் இடத்தை டயர் பெற்றிருக்கிறது எனலாம். நெசவாளர் சங்கத்தின் நூல் மூட்டைகளும் ஜவுளிக் கட்டுகளும், உற்பத்தியாளர் சங்கத்தின் நெல்லும் பருத்தியும் கரும்பும் கடைசியில் ரப்பரின்மீதுதான் பிரயாணம் செய்கின்றன. ஆயினும் அந்த ரப்பரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த நிர்வாக சபை உறுப்பினர்கள் எத்தனை பேர்? தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் இக்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் கிடைத்த பதில் ஒரு புன்னகையே.

ஒரு சங்கத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயர் வேண்டாம்; பாடம் போதும். அச்சங்கம் தன் லாரியின் பின்சக்கரங்களுக்கு இரண்டு டயர் வாங்க விலைப்புள்ளி கோரியது. கடிதத்தில் கண்டிருந்தது '9.00-20 அளவு டயர் இரண்டு' என்பது மட்டுமே. மூன்று கடைகள் விலை கொடுத்தன. மிகக் குறைந்த விலை ஏற்கப்பட்டது. தீர்மானம் ஒழுங்காக எழுதப்பட்டது. வவுச்சரும் இரசீதும் சரியாக இருந்தன. கணக்குப் புத்தகத்தில் ஒரு குற்றமும் காண முடியாது. ஆனால் வண்டியில் இருந்த பழைய டயர்கள் 16 பிளை தரம். புதிதாக வந்தவை 14 பிளை தரம். ஜோடிச் சக்கரத்தில் ஒன்று வலியது, மற்றொன்று மெலியது என்றாயிற்று. சித்திரை மாத வெயிலில், முழுச் சுமையுடன் சென்றபோது மெலிந்த டயர் வெடித்தது. வண்டி ஒருபுறம் சாய்ந்து, மூட்டைகள் சரிந்து, மேலே அமர்ந்திருந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் கால் முறிந்தது. அவர் அச்சங்கத்தின் அங்கத்தினரும்கூட. விலைப்புள்ளியில் மிச்சமானது சில ஆயிரம் ரூபாய். அவருக்கு நேர்ந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

இந்நிகழ்ச்சியில் யாரும் திருடவில்லை. பொய்க் கணக்கு எழுதவில்லை. அறியாமை ஒன்றே காரணம். அதைப் போக்கும் எண்ணத்துடனேயே இக்கட்டுரையை எழுதலானோம்.

சுமையைத் தாங்குவது எது?

டயர்தான் சுமையைத் தாங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் தாங்குவது அதனுள் அடைபட்ட காற்று. டயர் ஒரு பை. காற்றை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருக்கும் வலுவான பை. எவ்வளவு காற்றழுத்தத்தை அந்தப் பை பாதுகாப்பாகப் பிடித்து வைக்குமோ, அதைப் பொறுத்தே அது ஏற்கும் சுமையும் அமையும். ஆகவே சுமை, அழுத்தம் என்ற இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள், பற்றும் வரவும் போல. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால் கணக்கு முடியாது.

காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி நிமிரும். அதனால் உள்ளே வெப்பம் பெருகும். வெப்பம் ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிடிப்பை அவிழ்க்கும். முடிவில் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். சுமை மிகுந்தாலும் இதே விளைவுதான். காற்றுக் குறைவு, சுமை மிகுதி, வேகம், வெயில் ஆகிய நான்கும் ஒன்று சேரும் நாளில்தான் விபத்து நேருகிறது.

நெசவாளர் அறிந்த ஒன்று

'பிளை' என்ற சொல்லின் வரலாறு நெசவாளர்களுக்குச் சுவையாக இருக்கும். 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தபோது, ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டியது லினன் துணியே. பின்னர் பருத்தித் துணியை அடுக்கடுக்காக வைத்து டயர் செய்தார்கள். பாவும் ஊடையும் சமமாக நெய்த துணியில், இரண்டும் சந்திக்கும் இடங்களில் நூல்கள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டன. ஆகவே ஊடையை மிகவும் குறைத்து, வலுவான பாவு நூல்களை மட்டும் நெருக்கமாக வைத்து, பெயரளவுக்கு ஓர் ஊடையால் அவற்றைப் பிடித்து நிறுத்தும் தனி நெசவு உண்டாயிற்று. இன்றுவரை டயர்த் துணி இம்முறையில்தான் நெய்யப்படுகிறது. பருத்தியின் இடத்திற்கு ரேயானும், பிறகு நைலானும் பாலியெஸ்டரும் வந்தன. 1970-களில் சென்னை மணலியிலும் நைலான் டயர்த் துணி உற்பத்தி தொடங்கியது.

பருத்தி இருந்த காலத்தில் '8 பிளை' என்றால் எட்டு அடுக்குத் துணி என்றே பொருள். நைலான் வந்தபின் குறைந்த அடுக்குகளே அதே வலிமையைத் தந்தன. 1946-இல் பிரான்சு நாட்டின் மிஷ்லின் கம்பெனி காப்புரிமை பெற்ற ரேடியல் டயரிலோ, லாரிக்குக்கூட உடற்பகுதியில் ஒரே ஓர் அடுக்கு எஃகு நூல் போதுமானதாயிற்று. ஆனால் பழைய எண் மறையவில்லை. இன்று '16 பிளை தரம்' என்றால் உள்ளே பதினாறு அடுக்கு இருப்பதாக எண்ணக் கூடாது. பழைய பருத்தி அடுக்குகள் பதினாறு தந்த வலிமைக்கு ஒப்பானது என்பதே பொருள். அது தர எண்; அடுக்கு எண்ணிக்கை அன்று.

தேசத்துக்கு ஒரு பாஷை

நூலின் பருமனை ஆங்கிலக் கவுண்ட் முறையில் சொன்னால் எண் கூடக் கூட நூல் மெலியும். டீனியர், டெக்ஸ் முறைகளில் எண் கூடக் கூட நூல் பருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் நூல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. டயரிலும் இதே நிலைதான். ஒரே பொருளை ஒவ்வொரு பிரதேசமும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது.

ஐரோப்பாவில் டயர் விதிகளை வகுப்பது பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பு. அங்கு முதன்மையானது சுமைக் குறியெண். டயரில் '146/143 கே' என்று இருந்தால், 146 என்பது தனிச் சக்கரமாகப் பூட்டும்போது 3,000 கிலோ. 143 என்பது ஜோடிச் சக்கரமாகப் பூட்டும்போது ஒவ்வொரு டயருக்கும் 2,725 கிலோ. 'கே' என்பது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். ஜோடியில் ஏன் குறைவு என்று கேட்கலாம். சாலை நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால் இரு டயர்களும் சமமாகச் சுமையைப் பகிர்வதில்லை. உள்டயருக்குக் காற்றோட்டமும் குறைவு.

சுமைக் குறியெண் நேர்க் கணக்கு அன்று. 100 என்றால் 800 கிலோ. 110 என்றால் 1,060. 120 என்றால் 1,400. 130 என்றால் 1,900. 140 என்றால் 2,500. 150 என்றால் 3,350. ஏறக்குறைய 24 எண் கூடினால் சுமை இரட்டிப்பாகும் என்று நினைவில் வைத்தால் போதும். இரண்டு மூன்று எண் வேறுபாடுதானே என்று அலட்சியம் செய்தால், ஒரு டயருக்கு இருநூறு கிலோவுக்குமேல் வேறுபட்டுவிடும்.

அமெரிக்காவில் டயர், ரிம் சங்கம் என்ற அமைப்பு அட்டவணைகளை வெளியிடுகிறது. அங்குப் பிளை எண்ணுக்குப் பதிலாகச் சுமை வரம்பு எழுத்துகள் வழங்குகின்றன. சி என்றால் 6 பிளை, டி என்றால் 8, இ என்றால் 10, எஃப் என்றால் 12, ஜி என்றால் 14, எச் என்றால் 16. இவற்றுடன் அதிகபட்சச் சுமை பவுண்டிலும், அதற்குரிய காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும் அச்சிடப்படும். இரண்டும் பவுண்டு என்பதால் மயங்கக் கூடாது. முன்னது எடை, பின்னது அழுத்தம். 2.2 பவுண்டு எடை ஏறக்குறைய ஒரு கிலோ.

ஜப்பானில் அந்நாட்டு ஆட்டோமொபைல் டயர் உற்பத்தியாளர் சங்கம் விதிகளை வகுக்கிறது. இந்தியாவில் இந்திய டயர் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவின் நூலும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிகளும் வழிகாட்டுகின்றன. 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயர்களுக்கு ஐ.எஸ். 15627, கார் டயர்களுக்கு ஐ.எஸ். 15633, லாரி, பஸ் டயர்களுக்கு ஐ.எஸ். 15636 என்ற தரங்கள் கட்டாயமாயின. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்ப்பது வாங்குபவரின் முதற்கடமை. நம் நாட்டு டயர்களில் பிளை தரமும் சுமைக் குறியெண்ணும் சேர்ந்தே காணப்படுவதுண்டு.

இனி ஒரு முக்கிய எச்சரிக்கை. ஒரே எழுத்து வெவ்வேறு பிரதேசத்தில் வெவ்வேறு பொருள் தரும். ஐரோப்பிய முறையில் அளவின் முடிவில் 'சி' இருந்தால் வர்த்தக வண்டிக்குரியது என்று பொருள். அமெரிக்க முறையில் சுமை வரம்பு 'சி' என்றால் 6 பிளை தரம். ஐரோப்பாவில் வட்டத்துக்குள் 'இ' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது அனுமதி முத்திரை. எண் 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்சு, 3 என்றால் இத்தாலி. அமெரிக்காவில் சுமை வரம்பு 'இ' என்பதோ 10 பிளை தரம். அனுமதி முத்திரையைப் பார்த்துவிட்டு 'பத்துப் பிளை' என்று ஒருவர் விற்றால் நாம் ஏமாறலாகாது.

காற்றழுத்தத்தின் அளவுகள்

நம் பஞ்சர்க் கடைகளில் 'முப்பது பவுண்டு காற்று' என்கிறோம். ஐரோப்பிய வண்டிக் குறிப்பில் 'பார்' என்றும், ஜப்பானிய, அமெரிக்கக் குறிப்புகளில் 'கிலோ பாஸ்கல்' என்றும் காணலாம். ஒரு பார் 100 கிலோ பாஸ்கல். அது நம் 14.5 பவுண்டு. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற பழைய அளவு 14.2 பவுண்டு. லாரி டயரின் 120 பவுண்டு என்பது 8.3 பார்.

கார், ஜீப்பு டயர்களில் அளவு வேறுபாட்டுடன் கொள்கை வேறுபாடும் உண்டு. சாதாரணச் சுமை டயரின் முழுச் சுமையை ஐரோப்பிய விதி 250 கிலோ பாஸ்கல் அழுத்தத்தில் கணிக்கிறது; 'பி' என்ற எழுத்தில் தொடங்கும் அமெரிக்க டயருக்கு 240-இல் கணிக்கிறார்கள். ஆகவே அளவு ஒன்றாயிருந்தும் இரண்டின் சுமைத் திறன் சற்று மாறக்கூடும். மேலும் அந்த அமெரிக்க கார் டயரைச் சுமை வண்டியிலோ ஜீப்பு போன்ற வண்டியிலோ பூட்டினால், எழுதிய சுமையை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டு விதி. வேலையின் கடுமையை முன்னறிந்து வைத்த சேமநிதி அது.

காற்றழுத்தம் எப்போதும் குளிர்ந்த நிலைக்கே சொல்லப்படுகிறது. வண்டி ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிய லாரி டயரில் பத்து, பதினைந்து பவுண்டு கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு அஞ்சிச் சில டிரைவர்கள் வழியில் காற்றை இறக்கிவிடுகிறார்கள். இது பெருந்தவறு. குளிர்ந்தபின் அந்த டயர் பசித்த டயராகிவிடும். மறுநாள் முழுச் சுமையில் அதுவே வெடிக்கும்.

உலகம் கற்ற பாடம்

இவை வெறும் ஏட்டுக் கணக்கு என்று யாரேனும் எண்ணினால், 2000-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று போதும். ஃபோர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் மேல்பட்டை பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஏறக்குறைய 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் அமைப்பிலேயே குறை இருந்ததாக அரசாங்க விசாரணை கண்டது. அதனுடன் காற்றழுத்தப் பிரச்சினையும் எழுந்தது. வண்டிக் கம்பெனி பரிந்துரைத்தது 26 பவுண்டு. டயர்க் கம்பெனி பின்னர் 30 பவுண்டு வேண்டும் என்றது. நான்கு பவுண்டு குறித்து இரு பெருங்கம்பெனிகள் வழக்காடின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. அமெரிக்காவில் டயர்களைத் திரும்பப் பெறுமுன்பே, வெப்பம் மிகுந்த வளைகுடா நாடுகளிலும் வெனிசுவேலாவிலும் அதே டயர்கள் பழுதாகி, அங்கு மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தன. வெயில் தேசம் முன்கூட்டியே எச்சரித்தது. குளிர் தேசம் அதைக் கேட்கவில்லை. நம்முடையதும் வெயில் தேசமே. அந்நிகழ்ச்சிக்குப் பின் அமெரிக்கா புதிய சட்டம் இயற்றி, 2007 செப்டம்பர் முதல் செய்யப்படும் இலகுரக வண்டிகள் அனைத்திலும் காற்றுக் குறைவை அறிவிக்கும் கருவியைக் கட்டாயமாக்கிற்று. நம் சங்கத்து டிராக்டரில் அந்தக் கருவி இல்லை. டிரைவரின் கையில் உள்ள அழுத்தமானிதான் கருவி.

வயலும் சாலையும் மலையும்

டிராக்டர் டயரின் தருமம் தனி. பின்சக்கர டயருக்கு வயலில் பொதுவாக 12 முதல் 14 பவுண்டு காற்றே போதும். குறைந்த காற்றில் டயர் அகலமாகப் படிந்து மண்ணை இறுக்காமல் உழும். அதே டிராக்டர் சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது, வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்குக் காற்றைக் கூட்ட வேண்டும். வயல் காற்றுடன் சாலையில் ஓடினால் பட்டைகள் ஓரத்தில் தேயும். வேகக் குறியும் இங்கு வேறு: 'ஏ6' என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், 'ஏ8' என்றால் 40. எழுதிய சுமை அந்த வேகத்துக்கு மட்டுமே உரியது.

மலைத் தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மேட்டுப்பாளையத்தில் பிடித்த காற்று உதகையில் எவ்வளவாகும்? உதகை கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கு வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அழுத்தமானி மூன்று பவுண்டு போலக் கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் குளிரும் உண்டு. 35 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால், 30 பவுண்டு பிடித்த டயரில் சுமார் மூன்று பவுண்டு குறையும். ஆகவே சிறு வண்டிக்கு வரவும் செலவும் நேராகிவிடும். 120 பவுண்டு பிடித்த லாரி டயரிலோ குளிரினால் மட்டும் எட்டு, ஒன்பது பவுண்டு குறையும். மலையில் தங்கும் லாரிக்கு அங்கேயே காலையில் காற்றைச் சரிபார்ப்பது நலம்.

நம் வண்டியின் கணக்கு

இரு உதாரணங்களைப் பார்ப்போம். நான்கு டயர் கொண்ட டிரெய்லர் ஒன்றின் சொந்த எடை 1,500 கிலோ என்று கொள்வோம். 40 கிலோ நெல் மூட்டை 100 ஏற்றினால் 4,000 கிலோ. மொத்தம் 5,500. ஒரு டயருக்கு 1,375 கிலோ. குறியெண் 119 என்றால் 1,360 கிலோ, போதாது. 120 வேண்டும். அறுவடை அவசரத்தில் இன்னும் 30 மூட்டை ஏற்றினால் மொத்தம் 6,700. ஒரு டயருக்கு 1,675 கிலோ. அதற்கு 126 வேண்டும். முப்பது மூட்டை ஆறு எண்ணைத் தாண்டிவிடுகிறது. அதுவும் சுமை நான்கு சக்கரத்திலும் சமமாக விழுந்தால்தான்.

இரண்டாவது, லாரி. 2018 ஜூலையில் மத்திய அரசாங்கம் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாயிற்று, நான்கு டயர் கொண்ட பின்னச்சுக்கு 11.5 டன். அச்சுக்கு 11,500 கிலோ என்றால் டயருக்கு 2,875 கிலோ. ஜோடிக் குறியெண் 143 உள்ள டயர் நான்கும் சேர்ந்து தாங்குவது 10,900 கிலோவே. 145 என்றால் 11,600 கிலோ. சட்டம் அனுமதித்தாலும் டயர் அனுமதிக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வேகம் குறைந்தால் சற்றுக் கூடுதல் சுமை ஏற்கலாம் என்று அட்டவணைகளில் சலுகை உண்டு; ஆனால் அதை டயர் உற்பத்தியாளரிடம் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டுமே தவிர, நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. வரம்பு மீறினால் 2019-இன் சட்டத் திருத்தப்படி இருபதாயிரம் ரூபாய் அபராதம், அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம் என்பதும் நினைவிருக்கட்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

1. விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் அளவுடன், பிளை தரம், தனி, ஜோடிச் சுமைக் குறியெண்கள், வேகக் குறி, ரேடியலா நைலானா என்பதையும் எழுதுக. அவ்வாறு எழுதினால்தான் குறைந்த விலை என்பது உண்மையில் குறைந்த விலையாகும்.

2. ஒரே அச்சில் வேறு தரமுள்ள டயர்களைக் கலந்து பூட்டாதீர்கள். ரேடியலும் நைலானும் கலப்பது அறவே கூடாது.

3. டயர் வரும்போது இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் உற்பத்தி வாரத்தையும் குறியுங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 3623 என்றால் 2023-ஆம் ஆண்டின் 36-ஆம் வாரம்.

4. வாரந்தோறும் காலையில், வண்டி புறப்படுமுன், ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களின் காற்றையும் டிரைவர் அளந்து பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடட்டும். ஜோடியின் உள்டயரை விட்டுவிடலாகாது.

5. எடைமேடைச் சீட்டை வவுச்சருடன் சேர்த்து வையுங்கள். அடுத்த தணிக்கையில் நாம் அதைக் கேட்போம்.

பதிவேடு ஒன்றுக்கும் அழுத்தமானி ஒன்றுக்கும் ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் மிகச் சிறு பங்கு. முன்னே சொன்ன அத்தொழிலாளி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்; சங்கத்தின் கிடங்கில் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அச்சங்கத்தின் புதிய விலைப்புள்ளிக் கடிதத்தை அண்மையில் பார்த்தோம். பிளை தரம், இரு குறியெண்கள், வேகக் குறி எல்லாம் முறைப்படி எழுதப்பட்டிருந்தன. அக்கடிதத்தை எழுதியவர் காரியதரிசி. ஒவ்வொரு எண்ணையும் டயரைப் பார்த்துப் படித்துச் சொன்னவர் அத்தொழிலாளியே என்று அறிந்தோம். மற்றச் சங்கங்கள் இப்பாடத்தை விலை கொடுத்துக் கற்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.